மலைக்கும் கடலுக்கும் ஒரே கணக்கு

1848ஆம் ஆண்டு ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்ற வழக்கறிஞர், தாம் நடத்திவந்த ஆய்விதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். பினாங்குத் தீவின் மலைக்காடுகள் தொடர்ந்து அழிந்தால் அதன் தட்பவெப்பம் என்னவாகும் என்று அதில் கேட்டார். மிளகு, ஜாதிக்காய், கிராம்பு பயிரிடுவதற்காக மலைச்சரிவுகளில் மரங்கள் வெட்டப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அப்போது சூழலியல் என்ற துறையே பிறந்திருக்கவில்லை. ஆனாலும், மலையில் விழும் கோடரியின் விளைவு மலையோடு நிற்காது, தீவு முழுவதையும் தொடும் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருந்தது.

அந்த எண்ணம் எவ்வளவு சரியானது என்பதைப் பார்க்க, இன்று தீவின் தென்கிழக்கு மூலையிலுள்ள பாயான் லெப்பாஸைவிடப் பொருத்தமான இடம் இல்லை. மேற்கே சுங்கை ஆராவை ஒட்டிய மலைகள். அவற்றின் அடிவாரத்தில் அடுக்குமாடிகள். சமவெளியில் 1935இல் திறக்கப்பட்ட விமான நிலையமும் மின்னணுத் தொழிற்சாலைகளும். தெற்கே பெர்மாத்தாங் டாமார் லாவுட், சுங்கை பத்து, தெலுக் கும்பார் என வரிசையாக மீனவக் கம்பங்கள், அதாவது கிராமங்கள். அவற்றுக்கு எதிரே, கடலைத் தூர்த்து எழுந்துவரும் புதிய தீவு. மலை, சமவெளி, கரை, கடல் ஆகிய நான்கும் சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரு கண்டத்தில் நூற்றுக்கணக்கான மைல் விலகி நடக்கும் காரணமும் விளைவும் இங்கே ஒரே பார்வைக்குள் வந்துவிடுகின்றன.

தீவுக்குள் ஒரு தீவு

பினாங்கு தொடக்கம் முதலே தீவாக இருக்கவில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், உலகின் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மலாக்கா நீரிணையின் பெரும்பகுதி அப்போது தரை. தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் சுண்டாலாந்து என்ற ஒரே நிலப்பரப்பாகக் கிடந்தன. பினாங்கு அதில் ஒரு கருங்கல் மலை. பனி உருகிக் கடல் ஏறியபோது, மலையடிவாரச் சமவெளி மூழ்கி மலை தீவாயிற்று. அதிலிருந்த உயிர்கள் அங்கேயே தங்கிவிட்டன.

அப்படித் தங்கியவற்றில் சில, உலகில் வேறெங்கும் இல்லாதவை. ஆன்சோனியா பினாங்கென்சிஸ் என்ற ஓடைத் தேரையும், செனமாஸ்பிஸ் அஃபினிஸ் என்ற பாறைப் பல்லியும் பினாங்குத் தீவுக்கே உரியவை. இரண்டையும் 1870இல் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா அறிவியல் உலகுக்கு விவரித்தார். தேரைக்குத் தெளிந்து ஓடும் மலையோடை வேண்டும். பல்லிக்கு நிழலும் ஈரமும் உள்ள பாறை வேண்டும். சுமார் 295 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தத் தீவில் அவை இல்லாமல் போனால், அவற்றை மீட்டுக் கொண்டுவர வேறு ஊர் இல்லை.

1967இல் ராபர்ட் மக்ஆர்தரும் எட்வர்ட் வில்சனும் தீவுகளின் உயிர்ப்புவியியல் பற்றிய தங்கள் கோட்பாட்டை நூலாக வெளியிட்டனர். ஒரு தீவில் எத்தனை இனங்கள் நிலைக்கும் என்பதை அதன் பரப்பும், பெருநிலத்திலிருந்து அது விலகியிருக்கும் தூரமும் தீர்மானிக்கின்றன என்றனர். பரப்பு பத்தில் ஒன்றாகச் சுருங்கினால் இனங்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகும் என்பது இதையொட்டிப் பரவலாகப் பயன்படும் தோராயக் கணக்கு. பனாமா கால்வாய்க்காக ஆற்றை மறித்தபோது நீர் சூழ்ந்து தீவாகிவிட்ட பாரோ கொலராடோ என்ற குன்று இதற்குக் கண்கண்ட சான்று. அதன் காட்டைக் கடுமையாகப் பாதுகாத்தார்கள். ஆனாலும் அங்கிருந்த பறவை இனங்கள் பல ஒவ்வொன்றாக மறைந்தன. காடு அப்படியே இருக்க, அதன் தொடர்பு மட்டும் அறுந்தாலே இழப்பு தொடங்கிவிடுகிறது.

இந்தப் பாடம் பினாங்குக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். ஊர் பெருகப் பெருக, நடு மலைக்காடு தீவுக்குள் இன்னொரு தீவாகிறது. அடிவாரச் சாலைகள் அதன் கரைகளாகின்றன. பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலிலேயே இதைக் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த அந்தச் சீனக் கோயிலுக்கு வாக்லர் விரியன்கள் பக்கத்துக் காட்டிலிருந்து தாமாகவே வந்து கிளைகளில் சுருண்டு கிடந்தன. சுற்றியிருந்த பசுமை ஆலைகளுக்கும் சாலைகளுக்கும் இடம் கொடுத்தபின், வரும் பாம்புகள் குறைந்துவிட்டன. மரத்திலேயே வாழும் விரியனுக்கு நான்குவழிச் சாலையும் ஒரு கடல்தான்.

மலை எப்படி நிற்கிறது

தமிழர் கொடிமலை என்றழைக்கும் பினாங்கு மலைத்தொடர் 833 மீட்டர் வரை உயர்கிறது. அதன் உடல் கருங்கல். ஆனால் நாம் மிதிப்பது கருங்கல்லை அல்ல. ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழையும் ஓயாத வெப்பமும் கருங்கல்லை மேலிருந்து கீழாகச் சிதைத்து, பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண்ணாக்கியிருக்கின்றன. சிதையாமல் எஞ்சிய உருண்டைப் பாறைகள் அந்த மண்ணுக்குள் ஆங்காங்கே புதைந்து கிடக்கின்றன.

இந்த மண் செங்குத்தான சரிவில் நிற்பதற்குக் காரணம் நீர்தான். மண்துகள்களுக்கு இடையே மெல்லிய நீர்ப்படலமும் காற்றும் சேர்ந்திருக்கும்போது, அந்தப் படலம் துகள்களை ஒன்றையொன்று நோக்கி இழுக்கிறது. கடற்கரையில் குழந்தைகள் கட்டும் மணல்வீடு ஈர மணலில் நிற்பதும், அலை வந்து நனைத்ததும் கரைவதும் இதனால்தான். மலையிலும் பெருமழை நீடித்தால் இடைவெளிகளெல்லாம் நீரால் நிரம்பிவிடும். இழுத்துக்கொண்டிருந்த விசை மறைந்து, நீரின் அழுத்தம் துகள்களைத் தள்ளத் தொடங்கும். சரிவு தன் எடையைத் தாங்காமல் நழுவும்.

காடு இந்த நேரத்தைத் தள்ளிப்போடுகிறது. இலைக்கூரை மழையின் ஒரு பங்கைத் தரைக்கு வரவிடாமல் ஏந்தி ஆவியாக்குகிறது. வேர்கள் மண்ணைப் பிணைக்கின்றன. மரங்கள் நாள்தோறும் நீரை உறிஞ்சி மண்ணை உலர்த்துகின்றன. சருகுமெத்தை ஓடும் நீரின் வேகத்தைக் குறைக்கிறது. இதற்கு நேர்மாறாக, சாலைக்காகச் சரிவின் அடியை வெட்டுவது மேலிருக்கும் மண்ணின் முட்டுக்கட்டையை எடுத்துவிடுகிறது.

2017 அக்டோபர் 21 அன்று தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 பேர் இறந்தனர். இரு வாரம் கழித்து, நவம்பர் தொடக்கத்தில் அடித்த புயல்மழையும் வெள்ளமும் மேலும் 7 உயிர்களைப் பறித்தன. மறு ஆண்டு அக்டோபர் 19 அன்று புக்கிட் குக்குஸ் சாலைத் திட்டத்தில் மண் சரிந்து 9 பேர் மடிந்தனர். கட்டுமானத் தளங்களில் மடிந்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்பு தேடி வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள். மலையை எங்கே வெட்டலாம் என்ற முடிவில் ஒரு சொல்கூடச் சொல்லும் இடத்தில் அவர்கள் இருக்கவில்லை. மலைநிலப் பாதுகாப்பைப் பேசும்போது முதலில் நினைக்க வேண்டியது அவர்களைத்தான்.

சட்டத்தில் ஒரு கோடு

76 மீட்டருக்கு, அதாவது 250 அடிக்கு, மேற்பட்ட உயரத்திலும் 25 பாகைக்கு மேற்பட்ட சரிவிலும் கட்டுமானம் கூடாது என்பது பினாங்கின் நில அமைப்புத் திட்டம் வகுத்த கோடு. சிறப்புத் திட்டங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. கோட்டின் வலிமை அந்த விலக்கை எவ்வளவு தாராளமாகப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இந்தக் கேள்வி பாயான் லெப்பாஸை ஒட்டிய சுங்கை ஆராவில்தான் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அங்கே மலைச்சரிவில் அமையவிருந்த வீடமைப்புத் திட்டத்துக்கு 2012இல் அனுமதி கிடைத்தது. அடிவார அடுக்குமாடிக் குடியிருப்பாளர்கள் அதை எதிர்த்து மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனார்கள். 2015இல் வாரியம் அனுமதியை ரத்துசெய்தது. வழக்கு நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கி, 2023இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தில் குடியிருப்பாளர்களுக்குச் சாதகமாக முடிந்தது. பத்தாண்டுக்கு மேல் விடாமல் நின்ற அந்தக் குடும்பங்கள் தங்கள் வீட்டின் பின்புறச் சரிவை மட்டும் காக்கவில்லை. நில அமைப்புத் திட்டம் என்பது அதிகாரிகள் விரும்பினால் பார்க்கும் வழிகாட்டி அன்று, அவர்களைக் கட்டும் வரம்பு என்பதையும் நிலைநாட்டினார்கள்.

சமவெளி கொடுத்ததும் கேட்டதும்

மலையிலிருந்து இறங்குவோம். 1969இல் ஜார்ஜ் டவுன் தன் தீர்வையற்ற துறைமுக நிலையை இழந்தபோது, பினாங்கில் வேலையின்மை கடுமையாயிற்று. அப்போதைய முதலமைச்சர் லிம் சொங் இயூ தலைமையில், 1972இல் பாயான் லெப்பாஸ் நெல்வயல்களின் மேல் சுதந்திர வாணிப வளாகம் எழுந்தது. இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலெட்-பேக்கார்ட், போஷ் போன்ற நிறுவனங்கள் வந்தன. தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் கம்பத்துப் பிள்ளைகளுக்கும் மாதச் சம்பளம் கிடைத்தது. ஏழ்மையிலிருந்து ஒரு தலைமுறையைத் தூக்கிவிட்ட அந்த முடிவைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது.

அதே முடிவுக்கு நிலம் கொடுத்த விலையையும் கணக்கில் எழுத வேண்டும். நெல்வயல் என்பது உணவு விளையும் இடம் மட்டுமன்று. வரப்பு கட்டிய ஒவ்வொரு வயலும் மலைநீர் கடலுக்குப் போகும் வழியில் தங்கி இளைப்பாறும் சிறு தேக்கம். ஒரு ஹெக்டேர் வயலில் பத்து சென்டிமீட்டர் நீர் நின்றால் அது 1,000 கன மீட்டர். அந்த வயல் தார்த்தளமானதும் அவ்வளவு நீரும் உடனே வாய்க்காலுக்குப் பாய்கிறது. ஓடைகளைக் கான்கிரீட் கால்வாயாக்கியபின் நீர் இன்னும் வேகமாக ஓடுகிறது. மலையில் ஒரே அளவு மழைதான் பெய்கிறது, கீழே வெள்ளமோ முன்னைவிட உயரமாக, முன்னைவிடச் சீக்கிரமாக வருகிறது. வரும்போது மலையின் செம்மண்ணையும் சுமந்துகொண்டு வருகிறது.

சேறு செய்யும் வேலை

அந்த நீர் வந்துசேரும் கரை, கண்ணுக்கு வெறும் சேறாகத் தெரியும். ஆறு கொண்டுவரும் சத்தும் கடல் கொண்டுவரும் உப்பும் சந்திக்கும் அந்தச் சேற்றில்தான் பாசியும் புழுவும் சிப்பியும் செழிக்கின்றன. அவற்றைத் தின்று இறால்குஞ்சும் மீன்குஞ்சும் வளர்கின்றன. பினாங்கின் பெலாச்சான் என்ற இறால் விழுதுக்குச் சுவை தரும் கெராகாவ் என்ற பொடி இறால் கரையோர ஆழமற்ற நீரில் கூட்டமாகத் திரிவது. சிறு படகுக் கடற்கரை மீனவர்களின் வாழ்வு இந்தக் குறுகிய பட்டையை நம்பியது. ஆழ்கடலுக்குப் போக அவர்களிடம் கப்பல் இல்லை.

சேற்றின் மேல் அலையாத்தி மரங்கள் வேர்விட்டால் அதே கரை அரணாகவும் ஆகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மலேசியா இழந்த 68 பேரில் 52 பேர் பினாங்கினர். அந்தப் பேரழிவுக்குப் பல ஆண்டுகள் முன்பே, 1990-களிலிருந்து, பினாங்குக் கடற்கரை மீனவர் நலச் சங்கத்தினர் தங்கள் கைப்பட அலையாத்திக் கன்றுகளை நட்டுவந்தனர். மீன்பாடு குறைவதைக் கண்டு, மீன் எங்கே பிறக்கிறது என்று யோசித்தவர்கள் கண்டடைந்த வழி அது.

இந்தப் பின்னணியில் தென்கரைக் கடல் தூர்ப்புத் திட்டத்தைப் பார்ப்போம். பாயான் லெப்பாஸுக்குத் தெற்கே, மொத்தம் 4,500 ஏக்கரில் மூன்று செயற்கைத் தீவுகள் அமைக்க மாநில அரசு திட்டமிட்டது. தட்டையான நிலம் தீர்ந்துவிட்ட தீவில் தொழில் வளர இடம் வேண்டும், போக்குவரத்துத் திட்டத்துக்குப் பணம் வேண்டும் என்பவை காரணங்கள். 2019இல் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கைக்கு ஒப்புதல் கிடைத்தது. சுங்கை பத்து மீனவர்கள் மேல்முறையீடு செய்தனர். 2021 செப்டம்பரில் மேல்முறையீட்டு வாரியம் அந்த ஒப்புதலை ரத்துசெய்தது. புதிய அறிக்கைக்கு 2023 ஏப்ரலில் நிபந்தனைகளோடு ஒப்புதல் வந்தது. அடுத்த மாதமே மூன்று தீவு ஒரு தீவாகக் குறைக்கப்பட்டது. சிலிக்கோன் தீவு என்ற பெயரில் சுமார் 2,300 ஏக்கருக்கான பணி 2023 செப்டம்பரில் தொடங்கியது. 2024இல் அந்தப் போக்குவரத்துத் திட்டத்தின் இலகு ரயில் தடத்துக்கான செலவைக் கூட்டரசு அரசாங்கம் ஏற்றுக்கொண்டபின், தூர்ப்புக்குச் சொல்லப்பட்ட முதற்காரணங்களில் ஒன்று விலகிவிட்டது.

தூர்ப்பின் தாக்கம் தூர்த்த இடத்தோடு நிற்காததற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, மூடல். ஒரு ஹெக்டேர் கடலை ஐந்து மீட்டர் உயரத்துக்கு நிரப்ப 50,000 கன மீட்டர் மணல் வேண்டும். அதன் அடியில் சேற்றுயிர்கள் புதைகின்றன, மணல் அள்ளிய இடத்திலும் கடல்தரை பெயர்கிறது. இரண்டாவது, கலங்கல். நுண்மண் நீரில் நாட்கணக்கில் மிதந்து ஒளியைத் தடுக்கும். பினாங்குப் பாலத்தை அடுத்த மிடில் பேங்க் திட்டில் உள்ளது போன்ற கடற்புல் படுகைகள் ஒளி குறைந்தால் தாங்காது. மூன்றாவது, நீரோட்டம். புதிய நிலம் ஓட்டத்தைத் திருப்பும். ஓட்டம் தளர்ந்த இடத்தில் சேறு படியும், விரைந்த இடத்தில் கரை அரிக்கும். தஞ்சோங் தோக்கோங்கில் கடல் தூர்க்கப்பட்டபின் கர்னி டிரைவ் கரையில் சேறு மேடிட்டதைப் பினாங்குக்காரர்கள் நேரில் கண்டிருக்கிறார்கள். மீனவர்களுக்கு இழப்பீடும் படகும் தருவது கடமை. ஆனால் மீன் வளரும் இடத்துக்குப் படகு ஈடாகாது.

இதே பாடத்தை மன்னார் வளைகுடாவும் கற்றுத் தந்திருக்கிறது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகள் பல பத்தாண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டன. அலையை உடைத்த பாறை போனதும், தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவு கரைந்து தன் பரப்பில் பெரும்பகுதியை இழந்தது. அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு மூழ்கியே போயின. பின்னர் வான் தீவின் முன் செயற்கைப் பாறைகளை இறக்கி அரிப்பைத் தணித்தார்கள். கடலுக்கடியில் எடுத்ததன் விலையைக் கடலுக்கு மேலிருந்த நிலம் கொடுத்தது.

சுமை இடம் மாறுகிறது

மலையைக் காக்கச் சட்டம் இயற்றினால், கட்டுமானத்தின் சுமை கடலை நோக்கி இறங்குகிறது. கடலைக் காக்கப் போராடினால், அது மலையை நோக்கி ஏறுகிறது. இரண்டையும் காத்தால், எஞ்சிய விளைநிலத்தின் மேல் விழுகிறது. தீவில் மிச்ச நிலம் என்று ஒன்று இல்லாததால், ஒரு துண்டைத் தனியே காப்பது இன்னொரு துண்டைக் கைவிடுவதாக முடியலாம். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனி அறிக்கை எழுதி, ஒவ்வொன்றின் பாதிப்பும் ஏற்கத்தக்கது என்று முடிவு செய்யும் முறையில் இந்தச் சுமைமாற்றம் எந்தப் பக்கத்திலும் பதிவாவதில்லை. ஆகவே மலைக்கு ஒரு கணக்கு, கடலுக்கு ஒரு கணக்கு என்று வைக்காமல், முழுத் தீவுக்கும் ஒரே கணக்கு வைக்க வேண்டும்.

கணக்கின் எல்லை தீவைத் தாண்டியும் போகிறது. ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் அணைகள் இருந்தும், பினாங்கு மாநிலத்தின் குழாய்நீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் சுங்கை மூடாவிலிருந்து வருகிறது. அந்த ஆற்றின் தலைப்பகுதி கெடா மாநிலத்தின் உலு மூடா காட்டில் இருக்கிறது. அங்கே மரம் விழுந்தால் பாயான் லெப்பாஸ் ஆலைகளும் தாகத்தை உணரும்.

ஒரே கணக்கில் வைத்துப் பார்த்தால் வழிகள் தெரிகின்றன. 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ அங்கீகரித்த பினாங்கு மலை உயிர்க்கோளக் காப்பகம் 12,481 ஹெக்டேர் பரப்புடையது. மலைக்காட்டையும் வடமேற்குக் கடலையும் ஒரே எல்லைக்குள் கொண்டுவந்தது அதன் சிறப்பு. மையம், இடைவளையம், மக்கள் வாழும் வெளிவளையம் என்ற அதன் மூன்றடுக்கு முறை மனிதரை வெளியேற்றாமல் காக்கும் முறை. தெற்கின் மலைகளும் சேற்றுக்கரைகளும் அதே பார்வையைப் பெற வேண்டும். அறுந்த காட்டை மீண்டும் இணைக்க முடியும் என்பதற்குத் தெலுக் பஹாங்கில் சான்று உண்டு. கண்ணாடிக் குரங்குகள் சாலையில் அடிபடுவதைத் தடுக்க, பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு லங்கூர் பினாங்கு திட்டத்தினர் 2019இல் மரங்களுக்கிடையே பாலம் கட்டினார்கள். குரங்குகள் அதில் கடக்கின்றன.

சமவெளியைப் பொறுத்தவரை, தகவமைப்பு நிதியம் அளித்த ஒரு கோடி அமெரிக்க டாலரில் ஜார்ஜ் டவுனுக்கும் பாயான் லெப்பாஸுக்குமென இயற்கைவழித் தகவமைப்புத் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டிருக்கிறது. நிழல் மரங்கள், நீரைத் தேக்கி மெல்ல விடும் இடங்கள் என, நெல்வயல் ஒரு காலத்தில் செய்த வேலையை நகரத்துக்குள் மீண்டும் செய்யவைக்கும் முயற்சி இது. வளர்ச்சிக்கு இடம் எங்கே என்ற கேள்விக்கும் விடை அருகிலேயே இருக்கிறது. தீவைப்போல் இரண்டரை மடங்கு பரப்புள்ள செபராங் பிறை அதே மாநிலத்தின் நிலம். 2014இல் திறந்த இரண்டாம் பாலம் பத்து மாவுங்கைப் பத்து காவானோடு இணைக்கிறது. புதிய ஆலைகள் பல அங்கே எழுந்துவிட்டன. தீவில் ஏற்கெனவே கட்டிய நிலத்தையும் பெருநிலத்தையும் முதலில் எண்ணிவிட்டு, கடலையும் மலையையும் கடைசியாகத் தொடுவதே நேர்மையான வரிசை.

இந்த வரிசையைக் காக்கும் பொறுப்பு அரசுக்கு மட்டும் உரியதன்று. நில அமைப்புத் திட்டத்தின் வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. ஆட்சேபம் தெரிவிக்கவும் மேல்முறையீடு செய்யவும் சட்டம் இடம் தருகிறது. சுங்கை ஆராவின் அடுக்குமாடிவாசிகளும் சுங்கை பத்துவின் மீனவர்களும் அந்த வாசலைத்தான் பயன்படுத்தினார்கள். ஒரு தரப்பு மலைக்காக, மறு தரப்பு கடலுக்காக, தனித்தனியே வாதாடியது. அடுத்த வரைவு வரும்போது இரு தரப்பும் ஒரே மனுவில் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு திட்டத்திடமும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: இதன் நீரும் மண்ணும் எங்கே போய்ச் சேரும்? இதனால் எந்தக் காடும் எந்தக் கரையும் துண்டாகும்? இதைத் தடுத்தால் சுமை எங்கே மாறும், அங்கே அதைத் தாங்க என்ன ஏற்பாடு? மூன்றுக்கும் விடை எழுதப்படாத திட்டத்துக்கு ஒப்புதல் தரக்கூடாது.